பொற்கண்ணியும் மரத்தின் பெயரும்: கிரேக்கப் பாணி இயற்கை அணிகள் குறித்த ஒரு திறனாய்வு

பழங்கிரேக்கப் பாணி என்னும் பெயரில் இன்று உருவாகும் இலை, மலர், பூச்சி வடிவ அணிகள் பெரும்பாலும் உருவ ஒப்புமையைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. இம்மதிப்பீடு மூல அணிகளின் கலைக் கொள்கையைக் குறுக்கிவிடுகிறது.

வட கிரேக்கத்தின் வெர்கினாவில் 1977ஆம் ஆண்டு மனோலிஸ் அன்ட்ரோனிகோஸ் அகழ்ந்த இரண்டாம் கல்லறையில், எரியூட்டிய எலும்புகளைத் தாங்கிய பொற்பேழையினுள் ஓக் இலைக் கண்ணி ஒன்று கிடைத்தது. தலையில் சூடுதற்குரிய அப்பொற்கண்ணி 313 இலைகளும் 68 காய்களும் கொண்டது. எடை 714 கிராம். அக்கல்லறையின் முன்னறையில் கிடைத்ததோ மிர்ட்டில் கண்ணி. ஓக் மரம் சியூசுக்கும் மிர்ட்டில் அப்ரோதித்திக்கும் உரியவை. எனவே, எம்மரத்தின் இலை என்பதிலேயே அணியின் பொருள் தொடங்குகிறது எனலாம்.

பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பொ.ஆ.மு. 350–300 காலத்ததாகக் கருதப்படும் மற்றோர் ஓக் கண்ணி உள்ளது. அதில் ஒரு தேனீயும் இரு சில்வண்டுகளும் இடம்பெறுகின்றன. இரு கிளைகளும் முன்புறம் கூடுமிடத்தில் தேனீ அமைந்துள்ளது. பிணைப்பிடமே இயற்கைக் காட்சியாகிவிடுகிறது. மெல்லிய தகட்டில் வெட்டிய இலைகள் தத்தம் காம்புகளில் தனித்து நிற்பதால் சிற்றசைவிலும் நடுங்கவல்லன. வாடாத பொன்னில் வாழும் இலையின் அசைவைத் தக்கவைத்ததே பொற்கொல்லரின் திறம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழம்பாணியை மீட்க முனைந்த உரோமின் காஸ்தெல்லானி குடும்பத்தார், நுண்ணிய பொன்மணிகளைப் பரப்பில் பதிக்கும் நுட்பத்தில் பெருங்கவனம் செலுத்தினர். அம்முயற்சியின் அருமை மறுக்கற்பாலதன்று. எனினும், அவ்வளவுகோல் பரப்பின் நேர்த்தியை அளக்குமேயன்றி இலையின் அசைவை அளக்காது. இக்காலத்தில் மெய்யிலையின்மீதே மின்முறையில் உலோகம் படியவைத்து அணியாக்கும் வழக்கமும் உண்டு. நரம்பும் பிசகாத அவ்வணியில் உருவ ஒப்புமை நிறைவுறுகிறது. ஆயின் அவ்விலை விறைத்துவிடுகிறது.

அன்றாடம் அணிவதற்கு உறுதி வேண்டும் என்னும் மறுப்பு நியாயமானதே. பழங்கண்ணிகள் பல கோயிற் காணிக்கையாகவும் ஈமப் பொருளாகவும் அமைந்தவை. நாள்தோறும் சூடத் தக்க வலிமை அவற்றுக்கில்லை. ஆகவே, அசைவைக் கைவிட நேர்வது இக்கால அணியின் குறையாகாது. மரத்தின் அடையாளத்தைக் கைவிடுவதற்கு அத்தகைய காரணம் ஏதுமில்லை. ஓக்கா, மிர்ட்டிலா, ஒலிவமா என்று அறியவியலாத பொதுவான இலை, கிரேக்க வடிவத்தை மட்டுமே கடன்பெற்றதாகக் கருதத்தக்கது.