கென்னி கிளார்க்கின் வலது கால்

ஜாம் செஷனில் டிரம்ஸ் வாசிக்கப் போகிறவருக்கு ஒத்திகை கிடையாது. பக்கத்தில் நிற்பவர் யாரென்றே பல நேரம் தெரியாது. ஒருவர் பாட்டின் பெயரையும் ஸ்ருதியையும் சொல்வார், விரலைச் சொடுக்கி வேகம் காட்டுவார், அவ்வளவுதான். கிடார்காரர் ஒரு சுரம் தவறினால் தவறு அவரோடு போய்விடும். டிரம்மர் கொஞ்சம் ஓடினால் மேடையே சேர்ந்து ஓடும். அதனால் எந்த ஜாமிலும் நான் உன்னிப்பாகக் கேட்பது முதல் நான்கு பார்களை, அதாவது முதல் நான்கு தாளச் சுற்றுகளை. தாளம் அங்கே நிலைகொண்டுவிட்டால், பிறகு வருகிற சறுக்கல்களை எல்லாம் தாங்கிவிடும்.

இந்த வேலைக்கு ஓர் உச்ச உதாரணம் சொல்லச் சொன்னால் 1941-ன் ஹார்லெமுக்குத்தான் போவேன். நியூயார்க்கின் மேற்கு 118-வது தெருவில் இருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸை 1938-ல் ஹென்றி மின்டன் திறந்தார். 1940-ல் நிர்வாகத்துக்கு வந்த டெடி ஹில், கிளப்பின் நிரந்தரக் குழுவுக்கு டிரம்மர் கென்னி கிளார்க்கை அழைத்தார். பியானோவில் தெலோனியஸ் மங்க். இதே ஹில்தான் முன்பு தன் பெரிய இசைக்குழுவிலிருந்து கிளார்க்கை அனுப்பியவர். எதிர்பாராத இடங்களில் பேஸ் டிரம்மை அதிர வைக்கிறார் என்பது அன்றைய புகார். மின்டன்ஸில் அந்த அதிர்வே தேவைப்பட்டது.

கிளார்க் செய்த மாற்றத்தைக் கால் வழியாகப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஸ்விங் ஜாஸ் காலத்து டிரம்மரின் வலது கால், பாருக்கு நான்கு அடி என்று பேஸ் டிரம்மை விடாமல் மிதிக்கும். நடனமாடுபவர்களுக்கு அதுதான் தரை. கவுன்ட் பேஸி குழுவின் ஜோ ஜோன்ஸ் அந்தப் பாரத்தில் பெரும்பகுதியை ஹை-ஹாட்டுக்கு நகர்த்தியிருந்தார். கிளார்க் ரைடு சிம்பலுக்கே போய்விட்டார். ஹில்லின் குழுவில் ஒரு பாட்டை அசுர வேகத்தில் வாசிக்க வேண்டியிருந்ததாம். கால் ஈடுகொடுக்கவில்லை, காலத்தைக் கையால் சிம்பலில் பிடித்தேன் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். உடல் களைத்த இடத்தில் பிறந்த உத்தி! வலது கால் விடுதலையானதும் அது பேச ஆரம்பித்தது. ஸ்னேரும் பேஸும் ஒன்றையொன்று தொட்டு விழும் அந்த ஜோடி அடியை 'க்ளூக்-மாப்' என்று சொற்கட்டு போலச் சொன்னார்கள். கடைசியில் 'க்ளூக்' அவருடைய பட்டப்பெயராகவே ஆனது.

ஜாம் மேடைக்கு இதனால் என்ன லாபம்? முன்பின் தெரியாத ஒருவர் சோலோ எடுக்கும்போது அவருக்கு இரண்டு தேவைகள். காலம் அசையக் கூடாது. அதே சமயம் தான் சொல்வதை ஒருவர் கேட்கிறார் என்பதும் தெரிய வேண்டும். சிம்பலில் ஓடும் வலது கை முதலாவதைக் கொடுக்கிறது. நம்மூர் மிருதங்கத்தில் சர்வலகு செய்கிற வேலை அது. இடது கையும் வலது காலும் இரண்டாவதைக் கொடுக்கின்றன. சோலோக்காரர் ஒரு வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் விழும் ஒற்றை அடி, "கேட்டேன், மேலே சொல்" என்கிறது.

டிரம்மரை நீதிபதியாக்கும் கதை ஒன்றும் உண்டு. 1936-ல் கன்சாஸ் சிட்டியின் ரெனோ கிளப் ஜாமில் பதின்வயது சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர் தடுமாறியபோது, ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தார். பார்க்கரை உருவாக்கியதே அந்தச் சத்தம்தான் என்று பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவரை உருவாக்கியது, அடுத்த ஆண்டு கோடையில் ஓசார்க் மலைப்பகுதியில் சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங்கின் சோலோக்களை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டுச் செய்த சாதகம். அப்படி அவமானப்பட்டு இறங்கியவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவே இல்லை என்பதை எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை. ஜோ ஜோன்ஸின் கைகள்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. அந்த ஓர் இரவை மட்டும் ஏற்க முடியவில்லை.

கிளார்க்கின் வழிக்குச் சாட்சி, ஜெர்ரி நியூமன் என்ற கல்லூரி மாணவர் 1941 மே மாதம் மின்டன்ஸில் செய்த ஒலிப்பதிவு. பின்னாளில் 'ஸ்விங் டு பாப்' என்று பெயரிட்டு வெளியிட்டார்கள், வாசிக்கப்படுவது 'டாப்ஸி'. கிடாரில் சார்லி கிறிஸ்டியன். பத்தே மாதத்தில், 25 வயதில், காசநோயால் இறக்கப் போகிறவர். அவர் வாக்கியங்கள் பார் கோடுகளைத் தாண்டி நீண்டுகொண்டே போகின்றன. கிளார்க்கின் சிம்பல் அசையவில்லை. இடையிடையே ஸ்னேர் ஒரு சொல் சொல்கிறது, பேஸ் டிரம் ஒரு முற்றுப்புள்ளி வைக்கிறது. கிடாரை மூழ்கடிக்கும் அடி ஒன்றுகூட என் காதில் விழவில்லை. ஆற்றல் இருந்தும் அடக்கி வாசிப்பதை இதைவிட நன்றாக நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு குறை. பதிவு தொடங்கும்போதே கிறிஸ்டியன் சோலோவின் நடுவில் இருக்கிறார். யார் விரல் சொடுக்கினார், கிளார்க் எதில் தொடங்கினார், அந்த முதல் நான்கு பார்கள் எப்படி இருந்தன? அவை மட்டும் தட்டில் ஏறவில்லை.