துரு ஏறிய அழகு

பழைய துப்பாக்கிக் குழலின் காப்பிக்கொட்டை நிறத்துக்கு நான் அடிமை. அந்த நிறம் வேறெதுவுமல்ல, துருதான். இரும்பைத் தின்னும் துருவையே அளவோடு வளர்த்து அதற்குக் காவலாக்கியது அக்காலக் கம்மியர்களின் கைத்திறன்.

எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய இரும்பில் அமிலக் கரைசலை மெலிதாகத் தடவி, ஈரக்காற்றில் வைப்பார்கள். செந்துரு படரும். உதிரும் பொடியைத் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி தடவுவார்கள். பல சுற்றுகளில் பழுப்பு இறுகும். கொதிநீரில் இட்டால் அதுவே கறுக்கும். அந்தக் கறுப்பு மேக்னடைட். சேலத்தின் கஞ்சமலையில் தாதுவாகக் கிடக்கும் அதே பொருள். உலையில் உருகிப் பிரிந்த இரும்பு, தன் தாதுவையே மேல்தோலாக அணிந்துகொள்கிறது!

நம் கடுக்காயின் துவர்ப்பும் துருவைக் கருநீலமாக்கும். அகழ்ந்தெடுத்த இரும்பைக் காக்க அருங்காட்சியகங்கள் பூசும் டானிக் அமிலமும் இதே இனம்தான்.

சேலத்தை அடுத்த தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமானின் தூதராகச் சென்ற ஔவையார், மன்னன் தொண்டைமானின் நெய் பூசிய படைக்கலங்களோடு, நுனி முறிந்து கொல்லன் களத்தில் கிடந்த அதியமானின் வேல்களை ஒப்பிட்டது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உழைத்த இரும்பின் மதிப்பை அன்றே அறிந்த மண் இது.

புதுப் பொருளுக்குப் பழமைத் தோற்றம் தரும் பூச்சின் நயமும் உழைப்பின் தடத்தில்தான் இருக்கிறது. விரல் படும் விளிம்பில் மட்டும் தேய்த்து வெளுப்புக் காட்டுபவரே தேர்ந்த கைவினைஞர். ஆனால் உண்மையிலேயே பழைய பொருளில் தோற்றத்துக்காக எதையும் பூசக்கூடாது. காலம் செய்த வேலைக்குத் திருத்தம் தேவையில்லை.