பதினாறு சதவீதம்

முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் அக்கா ஒருத்திக்காக, பிசியோதெரபி அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு படிவம் நிரப்பினேன். ஆஸ்வெஸ்ட்ரி படிவம். கீழ்முதுகு வலி ஒருவரின் அன்றாடத்தை எவ்வளவு முடக்கியிருக்கிறது என்று அளப்பது. இங்கிலாந்தில் அந்தப் பெயருள்ள ஊரின் எலும்பு மருத்துவமனையில் ஃபேர்பேங்கும் உடனிருந்தவர்களும் உருவாக்கி 1980இல் வெளியிட்டார்கள். பத்துப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டிச் சதவீதமாக்கினால், 20 வரை குறைந்த பாதிப்பு. 40ஐத் தாண்டினால் கடுமை.

எக்ஸ்ரேயை மட்டும் நம்பாமல் நோயாளியின் வாயைக் கேட்க முன்வந்த கருவி இது. அந்த மரியாதை எனக்கு உண்டு. ஆனால் பாரம் தூக்கும் பகுதிக்கு வந்ததும் அக்கா சிரித்துவிட்டாள்.

“தூக்காம இருந்தா கூலி யாரு தருவா பிள்ள?”

பாத்தியில் வாரி ஒதுக்கிய உப்பை அள்ளி, தலையில் சுமந்து, வரப்பேறி அம்பாரத்தில் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள். வலி கூடினாலும் கனமானதைத் தூக்க முடிகிறது என்றால் படிவம் தருவது 1. தரையிலிருந்து முடியாது, மேசை மாதிரி எட்டும் இடத்தில் இருந்தால் தூக்கலாம் என்றால் 2. உப்பளத்தில் மேசைக்கு எங்கே போவது? அக்காவுக்கு 1 போட்டேன். வேலையை விட்டுவிட வசதியுள்ள ஒருத்திக்கு இதே வலியில் 4கூட விழுந்திருக்கும். முடிகிறதா என்று கேட்கிறார்கள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வழியிருக்கிறதா என்று கேட்பதில்லை.

1983இல் வந்த ரோலண்ட்–மோரிஸ் படிவத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. அதன் 24 கூற்றுகளில் ஒன்று, முதுகு வலியால் வேலைகளை அடுத்தவரிடம் செய்யச் சொல்கிறீர்களா என்பது. மருமகள் இருக்கும் மாமியாருக்கு அங்கே ஒரு மதிப்பெண் உறுதி. மருமகளுக்கு? அதோடு, அது இன்றைய நிலையை மட்டும் கேட்கிறது. மழைக்காலத்தில் உப்பளம் ஓய்ந்து கிடக்கும்போது கேட்டால் ஒரு எண், வெயில் காலத்தில் கேட்டால் வேறொன்று.

ஆஸ்வெஸ்ட்ரியின் எட்டாம் பகுதி தாம்பத்தியம். அக்கா வாசலைப் பார்த்தாள்; நான் பக்கத்தைத் திருப்பினேன். பதில் இல்லாவிட்டால் பரவாயில்லை, 50க்குப் பதில் 45ஆல் வகுத்துக்கொள்ளலாம். கேட்டிருந்தாலும், உறவால் வலி கூடுகிறதா, உறவே தடைபட்டதா என்றுதான் கேட்டிருக்க முடியும். வலிக்கிறது, வேண்டாம் என்று அவள் சொன்னால் வீட்டில் கேட்பார்களா என்பதற்கு அங்கே வாக்கியம் இல்லை. பின்னால் வந்த ஒரு திருத்தப் பதிப்பு இந்தப் பகுதியை எடுத்துவிட்டு, வேலையையும் வீட்டுவேலையையும் பற்றிய பகுதியை வைத்தது. அடுப்படியைச் சேர்க்கப் படுக்கையறையை ஏன் விலக்க வேண்டும் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. குத்தவைத்து உட்காருவதும் குடம் சுமப்பதும் எப்படியும் இல்லை.

மொத்தம் 45க்கு 7. பதினாறு சதவீதம், குறைந்த பாதிப்பு.

“அப்ப சர்டிபிகேட்டு கெடைக்காதோ?” என்றாள். நாற்பது சதவீதம் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது வேறு கணக்கு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்கும் 40 சதவீதத்தை அரசு மருத்துவர்கள் தனி வழிகாட்டுதல்படி அளப்பார்கள். இந்தப் படிவத்தை வைத்து அல்ல. அச்சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் முதுகு வலி என்று தனியாக எதுவும் கிடையாது. இதை அவளுக்கு விளங்கச் சொல்ல எனக்குக் கால்மணி நேரம் ஆனது.

ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலை இந்த உப்பளங்களுக்கு நேரில் வந்து பார்த்து எழுதினார். மாணவிகள் அதையும் இந்தப் படிவத்தையும் ஒரே வாரத்தில் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். படிவத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரே ஆளுக்குச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்க்க அது உதவும். இரண்டு பெண்களின் எண்களைப் பக்கத்தில் வைத்து, யாருக்கு அதிகம் வலிக்கிறது என்று முடிவுகட்டும்போதுதான் தப்பு நடக்கிறது.

படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: ‘நிறுத்த முடியாததால் செய்கிறார்.’ அந்த வரிக்கு மதிப்பெண் கட்டம் இல்லை.