இரு திசைப் பார்வை

72.5 மீட்டர், 36.25 மீட்டர். 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து விண்ணேறிய இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏயின் கேமராக்கள் நிலத்தில் பிரித்தறிந்த அளவுகள் இவை. நிதானமாகப் பாருங்கள். இரண்டாவது எண் முதலாவதில் சரிபாதி. லிஸ்-1 கேமராவில் 2048 ஒளியுணர் புள்ளிகள் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தன. 904 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியும் 72.5 மீட்டர் நிலத்தைத் தன் பங்காக ஏற்க, வரிசை முழுதும் 148 கிலோமீட்டர் அகலத்தை அள்ளிக்கொண்டது. லிஸ்-2 கேமராக்கள் இரண்டும் ஏறக்குறைய அதே அகலத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டு, இருமடங்கு நுணுக்கமாக நோக்கின. எத்தனை அழகான கணக்கு!

இன்னொரு நயமும் உண்டு. அந்நாளைய அமெரிக்க லேண்ட்சாட் கோள்கள் அசையும் கண்ணாடியொன்றால் நிலத்தைப் பக்கவாட்டில் வருடிப் படமெடுத்தன. ஐ.ஆர்.எஸ்.-1ஏயில் அந்தக் கண்ணாடியே இல்லை. கோள் முன்னேறும் ஓட்டமே அடுத்தடுத்த வரியைச் சேர்த்தது, தறியில் ஊடை ஊடையாகச் சேலை வளர்வதுபோல. 22 நாளுக்கொரு முறை அதே நிலத்துக்குமேல், முற்பகல் பத்தரையை ஒட்டிய அதே வேளையில் அது திரும்பி வந்தது. வெயிலின் சாய்வு பெரிதாக மாறாததால், இரு படங்களை அடுத்தடுத்து வைத்தால் கண்ணில் படுவது மண்ணில் நேர்ந்த மாற்றம்தான். எங்கோ ஓர் ஏரி சுருங்கியிருக்கும், எங்கோ ஒரு பயிர் தழைத்திருக்கும்.

கேமராக்கள் அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் பிறந்தவை. கோள் உருப்பெற்றது பெங்களூரில். அந்தப் பெருமுயற்சியை ஒட்டுமொத்தமாக வழிநடத்தியவர் கே. கஸ்தூரிரங்கன். 1940இல் எர்ணாகுளத்தில் பிறந்த அவர் 1971இல் முனைவர் பட்டம் பெற்றது நிலத்தைப் பார்க்கும் கலைக்காக அல்ல. உயர் ஆற்றல் வானியலுக்காக. எக்ஸ் கதிர், காமா கதிர் என்று கண்ணுக்கு எட்டாத ஒளியில் விண்ணைப் படித்தவர் அவர். ஐ.ஆர்.எஸ்.-1ஏயின் நான்கு அலைவரிசைகளில் நான்காவதைக் காணும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் நாம் அறிந்தவை. நான்காவது, அண்மை அகச்சிவப்பு. நம் கண்ணுக்குப் புலப்படாத அந்த ஒளியைத்தான் செழித்த இலை அள்ளித் தெறிக்கிறது. ஆகவே அந்த அலைவரிசையைச் சிவப்பாக அச்சிட்ட படங்களில் நெல்வயலும் காடும் குங்குமமாய்ச் சிவந்து கிடக்கும்.

அந்தப் பார்வை படிப்படியாகக் கூர்ந்தது. 1979லும் 1981லும் அவரே திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய பாஸ்கரா கோள்களின் கேமராவுக்கு ஒரு கிலோமீட்டர் ஒரு புள்ளி. 1995 டிசம்பரில், அவர் இஸ்ரோவின் தலைவராக இருந்தபோது விண்ணேறிய ஐ.ஆர்.எஸ்.-1சி 5.8 மீட்டரைப் பிரித்துக் காட்டியது. அன்றைய குடிமைப் பயன்பாட்டுத் தொலையுணர்வுக் கோள்களில் அதுவே மிகக் கூர்மையானது.

மேற்குத் தொடர்ச்சி மலை குறித்த அவரது குழு 2013இல் தந்த அறிக்கையிலும் இதே கண்தான் விழித்திருக்கிறது. 24 மீட்டர் நுட்பமுள்ள கோள் படங்களைக் கொண்டு இயற்கை நிலத்தையும் மனிதர் வாழ்ந்து பண்படுத்திய நிலத்தையும் பிரித்து, மலைத்தொடரில் சுமார் 37 விழுக்காட்டைக் காக்கவேண்டிய பகுதியாகக் குறித்தது அக்குழு. அந்த எல்லைகளைப் பற்றிய வாதம் ஓயவில்லை, அது நியாயமும்கூட. ஆனாலும் ஊரையும் காட்டையும் ஒன்றாகக் குழைக்காமல் பார்த்த அந்தப் பக்குவம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

எல்லாவற்றினும் நான் நெஞ்சில் வைத்திருப்பது வேறொரு கோளை. 1996 மார்ச் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சுமந்து சென்ற ஐ.ஆர்.எஸ்.-பி3. பயிரையும் கடலையும் நோக்கும் கருவிகளோடு, விண்ணை நோக்கும் எக்ஸ் கதிர்க் கருவியும் அதில் ஏறியது. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் பெங்களூர் செயற்கைக்கோள் மையமும் சேர்ந்து செய்தது அது. நிலம் பார்க்கப் போன கோள், ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளை இணையின் எக்ஸ் கதிர்த் துடிப்பையும் பதிந்து தந்தது. அடுத்ததாக விண்மீன்களுக்கென்றே முழுதாய் ஒரு கோள் வேண்டும் என்ற எண்ணத்துக்கும் கஸ்தூரிரங்கனின் தலைமைக் காலத்திலேயே வடிவம் தரப்பட்டது. 2015 செப்டம்பர் 28 அன்று புறப்பட்ட அஸ்ட்ரோசாட் அதுதான்.