சொன்ன நேரத்துக்கு வரும் கார்

அமெரிக்க டிராக் ரேஸில் ‘பிராக்கெட்’ என்றொரு வகை உண்டு. மரபாகக் கால் மைல், அதாவது 1320 அடி, நேர்கோட்டு ஓட்டம். தன் கார் எத்தனை விநாடியில் ஓடி முடிக்கும் என்பதை ஓட்டுநரே முன்கூட்டிக் கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். 12.50 என்று எழுதியவருக்கு, 11.50 என்று எழுதியவரைவிட ஒரு விநாடி முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் பெரும்பாலும் தோல்விதான். வேகத்தையே குற்றமாக்கும் இந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும்.

ஆகவே இங்கே கைத்திறன் முழுக்கச் சீரில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இன்ஜின் நீரின் சூடு ஒன்றாக இருக்க வேண்டும். டேங்கில் பெட்ரோலும் அதே அளவு. பின் டயரின் காற்றழுத்தத்தைத் தவறாமல் அளப்பார்கள். சிறிது மாறினாலும் புறப்படும்போது பிடிமானம் மாறிவிடும். புகை கிளப்பி டயரைச் சூடேற்றுவதும் வேடிக்கைக்கு அல்ல, அதற்கும் ஒரே கணக்கு. மனிதக் கை தடுமாறும் என்று பலர் ஆட்டோமேட்டிக் கியரையே நம்புகிறார்கள்.

அடங்காதது வானிலை ஒன்றுதான். மதிய வெயிலில் காற்று அடர்த்தி குறைந்து இன்ஜின் சோம்பும். மாலைக் குளிரில் அதே கார் துள்ளும். அனுபவசாலி அப்போது கார்புரேட்டரைத் தொடமாட்டார். பழைய ஓட்டங்களின் நோட்டைப் புரட்டி, கண்ணாடியில் உள்ள எண்ணை மாற்றுவார். என் கணக்கில் நல்ல மெக்கானிக் அவர்தான். 14 விநாடிப் பழைய செடான், 10 விநாடி அசுரனைத் தோற்கடிப்பது அங்கே அதிசயமே இல்லை.