மோலி ரஸ்ஸல் மரண விசாரணை: பரிந்துரையும் பேச்சும் ஒன்றா?

லண்டன் ஹாரோ பகுதியைச் சேர்ந்த மோலி ரஸ்ஸல் 2017 நவம்பரில் இறந்தபோது வயது 14. மரண விசாரணை முடிந்தது 2022 செப்டம்பர் 30-ல். மனச்சோர்வும், இணையத்தில் பார்த்தவற்றின் தீய விளைவும் இருந்த நிலையில், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டதால் இறந்தாள் என்று முடிவெழுதினார் விசாரணை அதிகாரி ஆண்ட்ரூ வாக்கர். தற்கொலை என்று மட்டும் எழுதுவது சரியாக இருக்காது என்றும் சொன்னார்.

‘செல்போன் பிள்ளைகளைக் கெடுக்குது’ என்று இதைப் பேசி முடிப்பது சுலபம். எனக்கு அதில் ஆர்வமில்லை. அந்த விசாரணையில் மெட்டா நிறுவனம் வைத்த ஒரு வாதத்தைப் பிரித்துப் பார்க்கணும், அவ்வளவுதான்.

மெட்டா சார்பில் சாட்சி சொன்ன எலிசபெத் லகோன், மோலி பார்த்த பதிவுகளில் பெரும்பாலானவற்றைப் பாதுகாப்பானவை என்றே சொன்னார். கஷ்டத்தில் இருப்பவர்கள் மனதில் உள்ளதை வெளியே சொல்ல இடம் வேண்டும் என்பது வாதம்.

இதில் பாதி உண்மை இருக்கு. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பலருக்கு அந்த நேரத்தில் சாகும் எண்ணம் இருப்பதில்லை. தாங்க முடியாத ஒரு தவிப்பைக் கொஞ்ச நேரத்துக்காவது அடக்கும் வழி அது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, இதைத் தற்கொலை முயற்சியிலிருந்து பிரித்து, மேலும் ஆராய வேண்டிய நிலை என்று சேர்த்தது. ஆனால் ‘அப்போ பயமில்லை’ என்று விட்டுவிடவும் முடியாது. இப்படிச் செய்பவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். நம்ம ஊரில் சட்டென்று வரும் வார்த்தை, ‘சீன் போடுறா’. மே மாத வெயிலில் முழுக்கை சட்டை போட்டு மறைக்கிற பிள்ளை யாருக்காக சீன் போடுது? அப்படி மறைப்பவர் வாய் திறந்து சொல்வதே பெரிய விஷயம். அந்தப் பேச்சை மொத்தமாக அழித்தால் அவர் இன்னும் உள்ளே போய்விடுவார். இதுவரை மெட்டாவோடு எனக்குச் சண்டையில்லை.

இனிமேல்தான் சிக்கல். கடைசி ஆறு மாதத்தில் மோலி இன்ஸ்டாகிராமில் சேமித்தவை, விரும்பியவை, பகிர்ந்தவை சுமார் 16,300. அவற்றில் 2,100 மனச்சோர்வு, சுயகாயம், தற்கொலை தொடர்பானவை. அவற்றைப் பார்த்த மனநல மருத்துவர் ஒருவர், சில வாரங்கள் சரியாகத் தூக்கம் வரவில்லை என்று சாட்சியம் அளித்தார். மோலி கேட்காமலேயே அல்காரிதம் எடுத்துக் கொடுத்தவையும் உண்டு என்று வாக்கரே பதிவு செய்திருக்கிறார்.

ஒவ்வொரு பதிவையும் எழுதியவர் ஒரு மனுஷர்தான். அடுத்து எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுத்தது எந்திரம். பரிந்துரை நிரலுக்குத் தெரிந்ததெல்லாம் எதை அழுத்தினாய், எவ்வளவு நேரம் நின்றாய் என்பதுதான். ஆசைப்பட்டு நின்றாலும் அழுதுகொண்டே நின்றாலும் அதற்கு ஒரே எண். கேட்பவர் மனுஷராக இருந்தால் அழுகை கூடக்கூட பேச்சை மாற்றுவார், பக்கத்தில் வந்து உட்காருவார். நிரல் அதே மாதிரி இன்னும் பத்து கொடுக்கும். பின்ட்ரெஸ்ட் நிஜமாகவே மோலிக்கு மனச்சோர்வுப் படங்கள் பத்தைச் சிபாரிசு செய்து மின்னஞ்சல் அனுப்பியது! அதில் யாருடைய பேச்சுரிமை இருக்கு? அந்தக் காலத்தில் தங்கள் தளம் பாதுகாப்பாக இல்லை என்று பின்ட்ரெஸ்ட் அதிகாரி ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தியாசம் மெட்டாவுக்குத் தெரியும். 2019 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம் கோரமான சுயகாயப் படங்களைத் தடை செய்தது. ஆறிய தழும்பு போன்றவற்றை அழிக்காமல், தேடலிலும் பரிந்துரையிலும் மட்டும் காட்டமாட்டோம் என்றது. பேசலாம், ஆனால் நாங்கள் தள்ளிவிட மாட்டோம் என்பதுதானே அதன் அர்த்தம்? மூன்றரை வருஷம் கழித்து விசாரணையில் இரண்டையும் மறுபடி ஒன்றாகக் குழைத்தது நேர்மையாகப் படவில்லை.

வாக்கர் 2022 அக்டோபரில் அனுப்பிய பரிந்துரை அறிக்கையிலும் எனக்குக் குறை உண்டு. வயதைச் சரிபார்ப்பது, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனித் தளம், பெற்றோர் கட்டுப்பாடு என்று எடை முழுக்க வயதின் பக்கம் சாய்கிறது. 25 வயதுக்காரர் ராத்திரி இரண்டு மணிக்கு நின்றாலும் எண் அதே எண்தான். 2023-ல் வந்த பிரிட்டிஷ் இணையப் பாதுகாப்புச் சட்டம், கடுமையான சுயகாயத்துக்குத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. குழந்தைகள் விஷயத்தில் நிறுவனங்களுக்குத் தனிக் கடமைகளையும் வைத்தது. நல்லதுதான். ஆனால் தூண்டுதல் குற்றத்துக்கு உள்நோக்கம் வேண்டும். நிரலுக்கு ஏது உள்நோக்கம்?

எந்திரத்தைத் திட்டிவிட்டு நாமும் எந்திரம் மாதிரி நடந்துகொள்ளக் கூடாது, இல்லையா? வீட்டில் தழும்பைப் பார்த்தால் முதலில் காயத்துக்கு மருந்து. ‘இனிமே செய்யமாட்டேன்னு சத்தியம் பண்ணு’ வேண்டாம். முடியாதபோது அடுத்த தடவை இன்னும் நன்றாக மறைப்பார்கள். ‘எப்போ ரொம்பத் தாங்க முடியாம இருக்கு?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருக்கணும். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனநல மருத்துவரிடம் போகும்போது கூடப் போங்கள். ராத்திரி வேறு யாரும் கிடைக்கவில்லை என்றால் டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.