ஏகாந்தமும் தனிமையும்

‘ஏகாந்தம்’ என்னும் சொல் இக்காலத்தில் ஓர் இடத்தின் பெயர்போல் வழங்கி வருகிறது. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் தங்குவதற்கு அறை தேடுவோர், ‘ஏகாந்தமாக இருக்கவேண்டும்’ என்று கேட்கின்றனர். சந்தடி கூடாது, அடுத்த அறையின் பேச்சொலி கேட்கலாகாது என்பதே அவர்கள் கருத்து. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் சுற்றிவரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் இவ்விருப்பம் எழுவது குற்றமன்று. ஆனால் அச்சொல்லின் பொருள் அவ்வளவே என்று நின்றுவிட்டால், ஸம்ப்ரதாயத்தில் அதற்குள்ள பொருள் மறைந்துபோகும். மறைந்ததால் நேர்ந்த தீங்கும் சிறிதன்று.

‘ஏக’, ‘அந்த’ என்னும் இரண்டும் சேர்ந்தது அச்சொல். அந்தமாவது முடிவு. ஒன்றையே முடிவாக உடைமை ஏகாந்தம். ஆளற்ற இடம் என்ற பொருளும் வடமொழியில் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. எனினும் கீதையை நோக்குக. யோகம் பயில்வானுக்கு இடம் கூறும் ஆறாம் அத்தியாயத்தில் ‘ரஹஸி’ என்ற சொல் வருகிறது. பதின்மூன்றிலும் பதினெட்டிலும் ‘விவிக்த’ என்ற சொல். ‘ஏகாந்தம்’ அதே ஆறாம் அத்தியாயத்தில் வருகிறது, வருமிடம் வேறு. அறவே உண்ணாதவனுக்கு யோகம் கூடாது என்னுமிடத்தில் ‘அறவே’ என்ற பொருளில் நிற்கிறது. பதினான்காம் அத்தியாய முடிவில் ‘ஐகாந்திக’ என்பது ஸுகத்துக்கு அடைமொழி. இடத்தைச் சொல்லவேண்டிய இடங்களில் கீதாசார்யன் இச்சொல்லை எடுக்கவேயில்லை.

‘விவிக்த’ என்பதற்கு எம்பெருமானார், ஜனங்களற்ற தேசம் என்று நேராகவே பொருளுரைத்தார். அதனையடுத்து வரும் ‘ஜநஸம்ஸத்’ என்பதற்குச் சங்கரர் தந்த விளக்கமும் கருதத்தக்கது. அடக்கமில்லாத பாமரர் கூட்டத்தையே அது குறிக்கும். பண்பட்ட அடக்கமுடையோர் கூட்டம் ஞானத்துக்கு உபகாரமாதலின் அதனை விலக்கவேண்டுவதில்லை என்பது அவர் கருத்து. மற்றவற்றில் உடன்படாதாரும் இதில் உடன்படலாம்.

ஆகவே மஹாபாரதத்து நாராயணீயம் பேசும் ஏகாந்திகளும், நம் பெரியோர் போற்றும் பரமைகாந்திகளும், ஊரைவிட்டு ஓடியவர் என்று பொருள்படார். எம்பெருமானையன்றி வேறொரு பயனைக் கருதாதவர் என்பதே பொருள். மனைவி மக்களோடு வாழ்பவரும் பரமைகாந்தியாவர். குகையிலிருந்து கீர்த்தியை விரும்புபவர் ஆகார்.

நெறி வேறாயினும், திருவண்ணாமலையிலேயே இதற்குச் சான்றுண்டு. 1896-இல் அவ்வூர் வந்த ரமணர் பாதாளலிங்கக் குகையில் தம்மை மறந்து இருந்தபோது, கல்லெறிந்த சிறுவரை விலக்க முயன்றவர் சேஷாத்ரி ஸ்வாமிகள். அதன்பின் பல்லாண்டுகள் உடனிருந்து தொண்டு செய்தவர் பழனிசுவாமி. காப்பாரும் சோறிடுவாரும் அருகே இருந்ததனாலேயே அந்த ஏகாந்தம் நிலைத்தது. 1922-இல் மலையடிவாரம் இறங்கியபின், 1950 வரை அன்பர் கூட்டத்தின் நடுவிலேயே அவர் இருந்தார். ஏகாந்தம் மனத்தில் உள்ளதேயன்றி இடத்திலன்று என்ற கருத்தை, கேட்டவர்க்குக் கூறியும் இருக்கிறார்.

அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில் திருக்கோவலூர். ஓரிடத்தில் தங்காது தனித்துத் திரிந்த முதலாழ்வார் மூவரும் மழையிருளில் அவ்வூர் இடைகழியொன்றில் ஒதுங்கினர். ஒருவர் கிடக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே அவ்விடம். நாலாமவனாகப் புகுந்து நெருக்கினான் எம்பெருமான். மூன்று திருவந்தாதிகள் பிறந்தது அந்த நெருக்கத்தில். திவ்யப்ரபந்தத்துக்குத் தோற்றுவாய் ஆளற்ற வெளியன்று, கால் மாற்றி நிற்கவும் இடமில்லாத இடைகழி என்பதை நம்மவரே பலகாலும் மறந்துவிடுகின்றனர்.

இனி, ‘தனிமை’. திருவாய்மொழி பத்தாம்பத்து மூன்றாந்திருவாய்மொழியின் முதற்பாசுரத்தில் இச்சொல்லை மெலிவுக்குப் பக்கத்தில் வைத்தார் நம்மாழ்வார். கண்ணன் நிரை மேய்க்கப் போவதை எண்ணி நலியும் ஆய்ச்சியின் பேச்சு அது. அவளைச் சூழக் குயில் கூவுகிறது. மயிலினம் கூடி ஆடுகிறது. ஒலிக்கும் துணைக்கும் அங்கே குறைவில்லை. குறைந்தது ஒருவன். அவ்வொருவன் இல்லாமை தனிமை. அவ்வொருவனே எல்லாமாயிருத்தல் ஏகாந்தம். சுற்றியுள்ள தலைகளை எண்ணி இவ்விரண்டில் எதனையும் அறியலாகாது.

இவ்வேறுபாடு மறைந்ததனால்தான், அயல்நாட்டிலுள்ள மக்கள் ஊரில் விட்டுவந்த முதியவரைக் குறித்து, ‘அப்பா ஏகாந்தமாக இருக்கிறார்’ என்று மனக்குறையின்றிச் சொல்ல முடிகிறது. அவர் வாய் திறந்து ஒருவரோடு பேசி இரண்டு நாளாயிருக்கும். அவருக்கு வாய்த்தது தனிமை. அதற்கு நல்ல பெயரிட்டால் கேட்போர் வாய் அடைபடும், அவ்வளவே.

ஸந்நிதிகள் திறத்திலும் இதுவே நிகழ்கிறது. திருமலையில் இரவில் நடக்கும் ஏகாந்த ஸேவையில் அர்ச்சகர் உண்டு. தாள்ளபாக்கத்தார் பாடும் தாலாட்டு உண்டு. தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரால் முத்யால ஹாரதி உண்டு. அதற்கு ஏகாந்தம் என்ற பெயர் தகும். கேட்பாரற்ற சிற்றூர்ப் பெருமாள் கோயிலுக்கும் அதே பெயரையிட்டு, ‘என்ன ஏகாந்தமான ஸந்நிதி!’ என்று வியப்பது தகுமோ? எம்பெருமானுக்கு என் வருமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடிய பெரியாழ்வார், ஆத்மாநுபவம் ஒன்றே போதுமென்றிருக்கும் கைவல்யார்த்திகளையும் கூவி அழைத்துத் தம் திரளில் சேர்த்துக்கொண்டார் என்பர் வ்யாக்யாதாக்கள். அவர் மரபில் வந்தோர்க்கு ஆளில்லாத ஸந்நிதியைக் கண்டால் அமைதி பிறக்கலாகாது, வயிறு எரியவேண்டும்.

அங்கே அர்ச்சகர் ஒருவரே கதவு திறந்து, திருமஞ்சனத்துக்கு நீர் முகந்து, தளிகை செய்து கண்டருளப்பண்ணி, இரு வரிசையாக நின்று மாறிமாறிச் சேவிக்கவேண்டிய பாசுரங்களை இரு வரிசைக்கும் தாமே சேவித்துச் சாற்றுமறை செய்கிறார். காரில் வந்து இறங்குவோர் அவ்வமைதியை மெச்சுகின்றனர்; படமும் எடுத்துக்கொள்கின்றனர். விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை.